மெக்சிக்கோவுக்கு ஒரு நற்சான்றிதழ்

மெக்சிக்கோவைக் கண்டுபிடித்தவர்கள் ஸ்பானியர் என்று பாடப்புத்தகங்களில் எழுதியிருப்பது முழுப் பிழை. அவர்கள் கண்டது கரையை மட்டும்தான். அந்த நாட்டின் ஆன்மா, நாகரிகம், சாப்பாடு ஆகிய மூன்றையும் ஒருங்கே கண்டுபிடித்து, கோப்பு திறந்து, இலக்கமிட்டு, உலகுக்கு வழங்கிய பெருமை திருகோணமலை உட்துறைமுக வீதியில் வசிக்கும் ஓய்வுபெற்ற பிரதம இலிகிதர் தவராசா ஐயாவையே சாரும். அவர் மெக்சிக்கோவுக்குப் போனதில்லை என்பது இந்தச் சாதனையை உயர்த்துகிறதே தவிரக் குறைக்கவில்லை. போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல்ல யாராலும் முடியும்.

இந்தப் பெருமையில் ஒரு சின்னப் பங்கு ஜெமீலுக்கும் உண்டு. அந்த வீதியில் மெக்சிக்கன் சாப்பாட்டுக் கடை வைத்திருந்தவன் அவன்தான்.

கிண்ணியாவில் பிறந்த ஜெமீல், டோஹாவில் ஒரு மெக்சிக்கன் உணவகத்தில் ஒன்பது வருடம் வேலை பார்த்தவன். ஊருக்கு அனுப்பிய படங்களில் எல்லாம் உயரமான வெள்ளைத் தொப்பியோடு நிற்பான். "செஃப்" என்று ஊர் சொன்னது. அவன் ஆம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. தொப்பி, உண்மையான சமையற்காரன் சிகரெட் குடிக்கப் போன இடைவேளையில் இரவல் வாங்கியது. ஜெமீலின் வேலை கோப்பை கழுவுவது. அங்கே சமைத்தவர்கள் நேபாளிகள், பரிமாறியவர்கள் பிலிப்பைன்காரர், முதலாளி லெபனான்காரர். ஒன்பது வருடத்தில் ஒரு மெக்சிக்கோக்காரரையும் அவன் கண்ணால் கண்டதில்லை. சாப்பாட்டையும் முழுதாகக் கண்டதில்லை. மேசைக்குப் போய்த் திரும்பி வந்த சாப்பாட்டுக் கோப்பைகளைத்தான் கண்டான்.

ஆகவே, மெக்சிக்க உணவுக்கலையை உலகத்தில் வேறெவரும் கற்றிராத முறையில், மிச்சத்திலிருந்து கற்றவன் அவன்.

மிளகாய்கள் எப்போதும் பாதியாகத் திரும்பி வந்தன. ஆகவே மெக்சிக்கோவில் மிளகாயைப் பாதியாக வெட்டித்தான் வைப்பார்கள். தேசிக்காய்த் துண்டுகள் சாறில்லாமல் வந்தன. ஆகவே அவற்றைப் பிழிந்துவிட்டுத்தான் பரிமாறுவார்கள். கறுப்பாய், வட்டமாய், நடுவில் ஓட்டையோடு வந்த ஒலிவ் காயை மட்டும் ஒருவரும் தொட்டதே இல்லை. அவ்வளவு மரியாதை! அதுதான் அந்த நாட்டின் தலைமைப் பதார்த்தமாக இருக்க வேண்டும்.

ஊருக்கு வந்து கடை திறந்தபோது சமையல் அவன் மனைவி றுக்கியாவின் பொறுப்பானது. 'டாக்கோ' என்பது சோளன் மா ரொட்டியை மடித்து உள்ளே எதையாவது வைப்பது என்ற அளவில் ஜெமீலுக்கு அறிவு இருந்தது. றுக்கியா உள்ளே கணவாய்ப் பிரட்டலை வைத்தாள். பக்கத்தில் 'சல்சா' என்ற பெயரில், மாசிக் கருவாடு போட்ட தக்காளிச் சம்பல்.

"சோளன் மா மட்டும் போட்டா மடிக்கக்குள்ள வெடிக்கிது. அங்க நீங்க எப்பிடி மடிச்சீங்க?" என்று அவள் கேட்டாள்.

"அங்க மெசின்."

"மா குழைக்கிறது?"

"அதுவும் மெசின்தான்."

றுக்கியா அவனை ஒரு பார்வை பார்த்துவிட்டு, கோதுமை மாவும் தேங்காய்ப்பூவும் சேர்த்துக் குழைத்தாள்.

"மெக்சிக்கோல தேங்காய் போடமாட்டாங்க" என்றான் ஜெமீல்.

"போடாட்டி அதுகள் பாவம். நாம என்னத்துக்குப் பாவப்படணும்?"

கடையின் பெயர் 'ஓலா மெக்சிக்கோ'. ஓலா என்றால் அவர்களுடைய மொழியில் வணக்கம் என்று டோஹாவில் கேட்டிருந்தான். வாடிக்கையாளர் உள்ளே வந்ததும் ஜெமீல் கையை நெஞ்சில் வைத்து "ஓலா!" என்பான். அவர்கள் மேலே அண்ணாந்து பார்த்து, "ஓலை எங்க? தகரமெல்லோ போட்டிருக்கு" என்பார்கள். கடைக்கு ஓலைக்கடை என்ற பெயர் ஒரு கிழமைக்குள் நிலைத்துவிட்டது.

அந்த நிலையில்தான் தவராசா ஐயா ஒரு மாலை உள்ளே நுழைந்தார். அவர் உட்துறைமுக வீதி நுகர்வோர் விழிப்புணர்வு ஒன்றியத்தின் தலைவர். அவர் நுழைந்த கடைகளில் பாதி மூடப்பட்டுவிட்டன. மற்றப் பாதி அவர் வருகிறார் என்றதும் மூடிக்கொள்ளும். ஜெமீல் அவசரமாக மேசையைத் துடைத்தான்.

ஐயா டாக்கோவைப் பார்த்தார். பிறகு பாதி மிளகாயைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார்.

"தம்பி, இது ஏன் பாதி?"

"அங்க... அப்பிடித்தான் ஐயா."

"இந்தத் தேசிக்காய் ஏன் பிழிஞ்சு கிடக்கு?"

"அதுவும் அங்க அப்பிடித்தான்."

ஐயா மிளகாயைத் திரும்பக் கோப்பையில் வைத்தார். ஜெமீல் மனதுக்குள் கடைக்குப் பூட்டுப் போட்டுவிட்டு மறுபடியும் டோஹாவுக்கு விமானம் ஏறினான். அப்போது ஐயா பக்கத்து மேசைக்காரரிடம் திரும்பினார்.

"பாத்தீங்களே! விருந்தாளிக்கு அரைவாசி, வீட்டுக்காரனுக்கு அரைவாசி. மிளகாயிலயும் சகோதரத்துவம். தேசிக்காயைப் பிழியிற கரைச்சலைக்கூட விருந்தாளிக்குக் குடுக்கிறேல்ல. இதுதான் மெக்சிக்கோ. எனக்கு முந்தியே தெரியும்."

ஐயாவுக்கும் மெக்சிக்கோவுக்கும் நெடுநாள் தொடர்பு. எட்டாம் வகுப்பில் அவர் சேர்த்த முத்திரைகளில் ஒரு மெக்சிக்கோ முத்திரை இருந்தது. மூலை கிழிந்ததுதான். ஆனால் அந்த வீதியில் வேறெவரிடமும் அந்த மூலைகூட இருக்கவில்லை.

பொய்யைத் தனியே சுமந்தால் முதுகு முறியும், பெரிய மனிதர் ஒருவர் மறுதலைப்பைப் பிடித்துவிட்டால் அது 'கலாசாரம்' ஆகிவிடும் என்பதை ஜெமீல் அன்று கற்றுக்கொண்டான். அடுத்த வாரம் ஐயா சட்டமிட்ட கடிதம் ஒன்றைக் கொண்டுவந்து, தானே ஆணி அடித்து மாட்டினார்:

'மேற்படி உணவகத்தில் பரிமாறப்படுவது மெக்சிக்க உணவே என்பதையும், அது நான் அறிந்தவரையில் எவ்வித கலப்படமுமற்றது என்பதையும் இத்தால் உறுதிப்படுத்துகின்றேன்.'

கீழே கையொப்பம், திகதி, வட்டமான இறப்பர் முத்திரை.

கடை பிய்த்துக்கொண்டு போனது. சோளன் மா சீனி வருத்தத்துக்கு நல்லது என்று ஒரு கதை கிளம்பியது. தோப்பூரிலிருந்து வான் பிடித்து வந்தார்கள். கலியாணப் பொம்பிளை மாப்பிள்ளைகள் அகன்ற மெக்சிக்கத் தொப்பியோடு டாக்கோவை ஆளுக்கு ஒரு பக்கம் கடித்தபடி படம் எடுத்தார்கள். கணவாயை வீட்டில் சமைத்தால் மணக்கிறது என்று முகம் சுளித்தவர்கள், அதே கணவாயை இங்கே கண்மூடிச் சாப்பிட்டு "வேற லெவல்" என்றார்கள். அந்தக் கறுப்புக் காயை மெக்சிக்க மரபுப்படி ஒருவரும் தொடவில்லை.

ஜெமீலும் சந்தோஷமாகத்தான் இருந்தான், ஒரு செவ்வாய்க்கிழமை வரை. அன்று சுலக்சன் தன் ஓட்டோவைக் கடை வாசலில் பாதி ஏற்றி நிறுத்திவிட்டு ஓடிவந்தான். உப்புவெளிப் பக்கம் வெள்ளைக்காரரை ஏற்றி இறக்குகிறவன். அதனால் ஆங்கிலம் பேசுவான்.

"நானா! மெக்சிக்கோக்காரி ஒருத்தி வந்திருக்கிறா!"

"எங்க?"

"உப்புவெளியில. கடலில திமிங்கிலம் எண்ணுறாவாம். பெயர் லூப்பே. உங்கட கடையைப் பற்றிச் சொன்னன். கட்டாயம் வாறன் எண்டவ."

ஜெமீல் மேசையைப் பிடித்துக்கொண்டான். "ஏன்டா சொன்னனீ?"

"ஏன் நானா, சொந்த ஊர்ச் சாப்பாட்டைக் கண்டா சந்தோஷப்படுவாவெல்லே?"

ஜெமீல் அன்றே கடையைப் பூட்டி, 'திருத்த வேலை' என்று ஒரு அட்டை தொங்கவிடத் தீர்மானித்தான். அட்டையை எழுதியும் விட்டான். ஆனால் நல்ல செய்தி ஓட்டோவில் போகும். தவராசா ஐயாவோ அதற்கு முதலே வந்துவிடுவார். சனிக்கிழமை பின்னேரம் நாலரை மணிக்கு 'சர்வதேச அங்கீகார விழா' என்று அவர் ஒன்றியத்தின் கடிதத் தலைப்பில் அறிவித்துவிட்டார்.

"ஐயா, எனக்குச் சுகமில்ல" என்றான் ஜெமீல்.

"சுகமில்லாத ஆள் சமைக்கக் கூடாது. றுக்கியா சமைக்கட்டும். நீர் மேடையில இரும்."

ஒன்றியத்தின் செயலாளர் புஸ்பராணி டீச்சர் புவியியல் படிப்பிப்பவர். விழாவுக்கு மெக்சிக்கோக் கொடியை அவரே வரைந்தார். நடுவில் கழுகு வர வேண்டும். கழுகு வரையத் தெரியாததால், துறைமுகத்தில் தினமும் பார்க்கிற நீர்க்காகத்தை வரைந்தார். அது சிறகை விரித்து வெயில் காய்ந்துகொண்டிருந்தது.

சனிக்கிழமை வீதி நிறைந்துவிட்டது. ஒரு நாட்டுக்காரி தன் சொந்த நாட்டுச் சாப்பாட்டைச் சாப்பிடுவதைப் பார்க்க இத்தனை பேர் கூடியது வரலாற்றில் அதுவே முதல் தடவை. லூப்பே வந்தாள். வெயிலில் கறுத்த முகமும், உப்புக்காற்றில் கலைந்த தலைமயிருமாய் ஒரு சின்ன உருவம். கூட்டம் கொஞ்சம் ஏமாந்தது.

"எங்கட சல்லிக் கிராமத்துப் பிள்ளை மாதிரியெல்லே கிடக்கு" என்று யாரோ சொன்னது ஜெமீலுக்குக் கேட்டது.

அவளுக்கு மாலை போட்டு, குத்துவிளக்கு ஏற்ற வைத்து, நீர்க்காகத்தின் கீழே கதிரை போட்டு இருத்தினார்கள். தவராசா ஐயா ஐந்து பக்க உரையை விரித்தார். இரண்டாம் பக்கம் முடியும் நேரம், கோட்டைப் பக்கமிருந்து கடைத்தெருவுக்கு வழக்கம்போல இறங்கிய மான் ஒன்று பின்னால் வந்து, மேசையில் இருந்த மூன்றாம் பக்கத்தைத் தின்றுவிட்டது. ஐயா இரண்டிலிருந்து நான்குக்குத் தாவினார். உரையின் ஓட்டத்தில் ஒருவருக்கும் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. இதுவே அந்த உரையின் கட்டுக்கோப்புக்குச் சான்று.

பிறகு சாப்பாடு வந்தது.

லூப்பே முதலில் தேசிக்காய்த் துண்டை எடுத்துப் பிழிந்தாள். ஒன்றும் வரவில்லை. திருப்பிப் பார்த்துவிட்டுச் சுலக்சனிடம் ஏதோ கேட்டாள்.

"இதை ஏற்கெனவே ஒராள் பாவிச்சிட்டாரோ எண்டு கேக்கிறா" என்று சுலக்சன் மொழிபெயர்த்தான்.

ஐயா பெருந்தன்மையோடு சிரித்தார். "பாவம், சின்ன வயசில வெளிக்கிட்ட பிள்ளை. தன்ரை நாட்டு வழக்கம் மறந்திட்டா."

லூப்பே டாக்கோவைக் கடித்தாள். மென்றாள். கண் அகன்றது. இன்னொரு கடி, இன்னொன்று. சம்பலை விரலால் வழித்து நக்கினாள். கோப்பை வெறுமையானதும் மறுபடி சுலக்சனிடம் கேட்டாள்.

"திறமான சாப்பாடாம். இது என்ன சாப்பாடு எண்டு கேக்கிறா."

"டாக்கோ எண்டு சொல்லு" என்றார் ஐயா.

சுலக்சன் சொன்னான். லூப்பே சிரித்துக்கொண்டே தலையாட்டினாள். சுலக்சனின் முகம் சுருங்கியது.

"இது டாக்கோ இல்லையாம் ஐயா. தங்கட நாட்டில இப்பிடி ஒரு சாப்பாடே இல்லையாம்."

எல்லோரும் ஜெமீலைப் பார்த்தார்கள். குசினி வாசலில் றுக்கியா சேலைத் தலைப்பால் கையைத் துடைத்தபடி நின்றாள். மற்றவர்கள் பார்த்ததை அவன் தாங்கிக்கொண்டான். அவள் பார்த்ததைத்தான் தாங்க முடியவில்லை. ஒன்பது வருடத்துப் படங்களை எல்லாம் அலுமாரிக் கண்ணாடியில் ஒட்டி வைத்திருந்தவள் அவள்.

ஜெமீல் எழும்பினான்.

"அவ சொல்றது சரி" என்றான். "நான் செஃப் இல்ல. டோஹாவில நான் கோப்பை கழுவினனான். ஒன்பது வருசமும் கோப்பைதான். அந்தத் தொப்பி என்ர இல்ல. மெக்சிக்கோச் சாப்பாடு எப்பிடி எண்டு எனக்குத் தெரியாது. மிச்சம் எப்பிடி எண்டுதான் தெரியும்." பிறகு குசினி வாசலைப் பார்த்தான். "றுக்கியா, என்னை மன்னிச்சிரு."

றுக்கியா அவசரப்படவில்லை.

"எனக்குத் தெரியும்" என்றாள். "நீங்க வந்த அண்டைக்கே தெரியும். ஒரு முட்டை பொரிக்கத் தெரியாத செஃப் எங்க இருக்கான்? ஆனா நீங்க அண்டைக்கு ராச்சாப்பாட்டுக் கோப்பையெல்லாத்தையும் கழுவி அடுக்கினீங்களே, அதைப் பாத்தன். இந்த ஊரில ஒரு ஆம்பிளையும் அப்பிடிக் கழுவ மாட்டான். நீங்களாச் சொல்லுவீங்க எண்டு பாத்துக்கிட்டு இருந்தன்."

ஜெமீலுக்கு நெஞ்சிலிருந்து ஒரு பாறாங்கல் இறங்கியது. அவன் அழப் போனான். ஆனால் அதற்குத் தலைவரின் அனுமதி கிடைக்கவில்லை.

"இரும் தம்பி!" என்று தவராசா ஐயா மேசையில் தட்டினார். "இந்த ஒப்புதல் வாக்குமூலத்தை ஒன்றியம் ஏற்றுக்கொள்ளேல்ல."

"உண்மையைத்தானே சொன்னன் ஐயா."

"உண்மை வேற, ஆவணம் வேற. சுவரில ஆவணம் தொங்குது. இது மெக்சிக்க உணவு எண்டு நான் உறுதிப்படுத்தியிருக்கிறன். அதை மாத்த உமக்கு அதிகாரமில்லை. அப்ப பிழை எங்க? பிழை இந்தப் பிள்ளையில." ஐயா லூப்பேயின் பக்கம் திரும்பினார். "இவ மெக்சிக்கோக்காரி எண்டதுக்கு என்ன அத்தாட்சி? சுலக்சன், பாஸ்போட்டைக் கேள்."

லூப்பே சிரித்துக்கொண்டே பையிலிருந்து கடவுச்சீட்டை எடுத்துக் கொடுத்தாள். புஸ்பராணி டீச்சர் கண்ணாடியைப் போட்டு, எழுத்துக் கூட்டி அட்டையை வாசித்தார்.

"எஸ்... டாடோஸ்... யுனிடோஸ்..." டீச்சர் தலையை நிமிர்த்தினார். "ஐயா! எஸ்டாடோஸ் எண்டா ஸ்டேற்ஸ். யுனிடோஸ் எண்டா யுனைற்றெட்."

"யுனைற்றெட் ஸ்டேற்ஸ்!" ஐயா எழும்பியே விட்டார். "அமெரிக்காக்காரி!"

"பிறகு மெக்சிக்கானோஸ் எண்டும் கிடக்கு ஐயா."

"அது தகப்பன்ரை பெயராயிருக்கும். நான் அப்பவே நினைச்சன். திமிங்கிலம் எண்ணுறாவாம்! எங்கட திமிங்கிலத்தை எண்ணச் சொல்லி ஆர் கேட்டது?"

மெக்சிக்கோவின் முழுப் பெயரே 'மெக்சிக்க ஐக்கிய மாநிலங்கள்' என்பதை ஒருவரும் அறியாத நிலையில், நிருவாக சபை அங்கேயே கூடியது. சபையில் அங்கத்தவர் மூவர். மூன்றாமவர் கதிரவேல் கனடாவுக்குப் போய் நான்கு வருடமாகிறது. அவருடைய கதிரை ஒழுங்காகப் போடப்படும், அவருடைய வாக்கு தலைவரின் பக்கம் எண்ணப்படும். மூன்றுக்குப் பூச்சியம் என்ற வாக்குகளால், மேற்படி பெண்மணிக்கு மெக்சிக்க உணவு பற்றிய அடிப்படை அறிவு கிடையாது என்று தீர்மானிக்கப்பட்டது. கூட்டம் கைதட்டியது. எல்லோரும் கைதட்டுவதைக் கண்டு லூப்பேயும் தட்டினாள்.

"என்ன சொல்கிறார்கள்?" என்று அவள் சுலக்சனிடம் கேட்டாள்.

சுலக்சன் சுற்றுலாத்துறையில் அனுபவமுள்ளவன். "நீங்கள் நல்ல வடிவாம்" என்றான்.

அவளுக்கு இந்த விழாவைவிடக் குசினியில்தான் அக்கறை இருந்தது. மாலையைக் கழற்றிக் கதிரவேலின் கதிரையில் போட்டுவிட்டு உள்ளே போனாள். ஜெமீலும் சுலக்சனும் பின்னால் போனார்கள். றுக்கியா சோளன் மா ரொட்டியை மடித்துக் காட்டினாள், வெடித்தது. உதட்டைப் பிதுக்கினாள். லூப்பே தலையாட்டினாள், மாவை முகர்ந்தாள், விரலால் தேய்த்தாள், பிறகு சுலக்சனிடம் 'லைம்' என்றாள்.

"தேசிக்காய் கேக்கிறா" என்றான் சுலக்சன்.

றுக்கியா, இந்த முறை பிழியாத தேசிக்காயை நீட்டினாள். லூப்பே இல்லை என்று கையை ஆட்டினாள். வெள்ளையாய், மாவாய், நீரில் கரைவதாய்க் கையால் காட்டினாள். சீனி வந்தது, இல்லை. உப்பு வந்தது, இல்லை. கடைசியில் அவள் சுவரைச் சுரண்டி, விரல் நுனியில் ஒட்டிய வெள்ளையைக் காட்டினாள்.

"யா அல்லாஹ், சுண்ணாம்பு!" என்றாள் றுக்கியா. ஆங்கிலத்தில் தேசிக்காய்க்கும் சுண்ணாம்புக்கும் அந்த ஒரே சொல்தான்.

பக்கத்து வெற்றிலைக் கடையிலிருந்து ஜெமீலே ஓடிப்போய்ச் சுண்ணாம்பு வாங்கி வந்தான். காய்ந்த சோளனைச் சுண்ணாம்புத் தண்ணீரில் அவித்து அப்படியே ஊற வைத்தார்கள். அடுத்த நாள் மத்தியானம் லூப்பே மறுபடி வந்தாள். தோலை உரசிக் கழுவி, அரைத்து, மாவைப் பிசைந்தபோது அது றுக்கியாவின் கைக்குள் களிமண் மாதிரி நின்றது. தட்டிச் சுட்டாள். மடித்தாள். வெடிக்கவில்லை. திருப்பி மடித்தாள், உருட்டினாள், ஒன்றும் ஆகவில்லை. இரண்டு பெண்களும் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். ஒருத்தி பேசியது மற்றவளுக்கு ஒரு சொல் விளங்கவில்லை. ஆனாலும் சுலக்சனுக்கு அங்கே வேலை இருக்கவில்லை.

ஜெமீல் ஒரு துண்டைப் பிய்த்து வாயில் போட்டான். டோஹாவில், கோப்பை விளிம்பில் ஒட்டிக்கொண்டு, கழுவக் கழுவப் போகாமல் இருந்த அந்த வாசம். ஒன்பது வருடம் தன் விரல் நகத்துக்குள் இருந்த நாட்டை அவன் அன்றுதான் முதன்முதலாகச் சாப்பிட்டான்.

உண்மையான மெக்சிக்க உணவு முதன்முதலாகத் தயாரான அந்த வேளையில் தவராசா ஐயா பின்னேரச் சாப்பாட்டுக்கு வந்தார். புஸ்பராணி டீச்சரும் கூட வந்தார். றுக்கியா சுடச்சுட இரண்டு வைத்தாள். ஐயா கடித்தார். நெற்றி சுருங்கியது.

"இது மெக்சிக்கன் இல்லை."

ஜெமீல் வாயைத் திறந்தான். ஐயா கையைக் காட்டி நிறுத்தினார். கண்ணை மூடினார்.

"சோளன்... சுண்ணாம்பு... நெருப்பு வாசம்... தம்பி! இது எங்கட!"

"எங்கட எண்டா?"

"எங்கட முன்னோரின்ரை உணவு! டீச்சர், வெருகல் பக்கத்துச் சேனைத் தோட்டங்களில சோளன் அவிக்கிறவையோ இல்லையோ?"

"அவிக்கிறவை ஐயா. ஆனா அவை சுண்ணாம்பு போடுறேல்ல."

"முந்திப் போட்டிருப்பினம். பிறகு மறந்திட்டினம். மறக்காட்டி அது வெறும் பழக்கம். மறந்தால்தான் பாரம்பரியம்."

டீச்சருக்கு மயிர்க்கூச்செறிந்தது. "அப்ப இது மெக்சிக்கோவுக்கு எப்பிடிப் போனது?"

"எங்களிட்ட இயற்கைத் துறைமுகம் எதுக்கு இருக்கு? போர்த்துக்கேயன் வந்தான், கோட்டை கட்டினான், போகேக்க சும்மாவா போயிருப்பான்? ரொட்டியைச் சுத்திக்கொண்டு போய் ஸ்பானியனிட்டக் குடுத்திருப்பான்."

"ஐயா," என்றான் ஜெமீல், "இது இந்தப் பிள்ளை சொல்லித்தந்தது. நேற்று நீங்கள் அறிவில்லை எண்டு தீர்மானிச்ச அதே பிள்ளை."

"அதைத்தான் நானும் சொல்லுறன். அவவுக்கு எப்பிடித் தெரியும்? எடுத்தவைக்குத்தானே தெரியும்!"

அன்று இரண்டு பெரிய காரியங்கள் நடந்தன. ஒன்றை ஜெமீல் செய்தான். கடை வாசலில் ஒரு பலகை வைத்து, தன் கையால் எழுதினான்: 'சமையல்: றுக்கியா. கோப்பை கழுவுவது: ஜெமீல்.' எழுதிவிட்டுக் கொஞ்சத்தூரம் தள்ளிப் போய் நின்று பார்த்தான். வெட்கம் வரும் என்று காத்திருந்தான். வரவில்லை. பசிதான் வந்தது.

மற்றதை ஐயா செய்தார். கணவாய் டாக்கோ மெக்சிக்க உணவு என்ற பழைய சான்றிதழ் அப்படியே தொங்க, அதன் பக்கத்தில், சுண்ணாம்புச் சோளன் ரொட்டி திருகோணமலையின் தொன்மையான பாரம்பரிய உணவு என்று புதிய சான்றிதழை மாட்டினார். அதே முத்திரை, அதே கையொப்பம். பிறகு மெக்சிக்கோத் தூதரகத்துக்கு ஒரு கடிதம் வரைந்தார்:

'எமது மூதாதையரின் உணவைத் தங்கள் நாடு நெடுங்காலமாக முன்னனுமதியின்றிப் பயன்படுத்தி வருவது எமது கவனத்துக்குக் கொண்டுவரப்பட்டுள்ளது. இதற்கு நிபந்தனையற்ற மன்னிப்பை எதிர்பார்க்கின்றோம்.'

வீதியிலுள்ளவர்கள் வரிசையில் நின்று, ஒரு கையில் ரொட்டியோடு மறு கையால் கையொப்பமிட்டார்கள். ஜெமீல் மறுத்துவிட்டான். "சாப்பாட்டைச் சொல்லித்தந்த ஆளைக் கள்ளன் எண்டு எழுதின கடதாசியில நான் கை வைக்க ஏலாது ஐயா" என்றான். ஐயா அவன் பெயருக்கு நேரே 'கோப்பை கழுவுபவர், ஆகவே கருத்திற்கொள்ளப்படவில்லை' என்று குறித்துக்கொண்டார்.

கிழமை முடிவில் லூப்பே விடைபெற வந்தாள். றுக்கியா கணவாய்ப் பிரட்டலும் மாசிச் சம்பலும் போத்தலில் அடைத்துக் கொடுத்தாள். லூப்பே அதற்கான செய்முறையை அம்புக்குறி போட்டுப் படம் படமாய்க் கொப்பியில் கீறியிருந்தாள். தன் ஊரில் இதைச் செய்து 'திருகோணமலைச் சாப்பாடு' என்று சொல்லிக் கொடுக்கப் போகிறாளாம். ஜெமீல் அவள் இரண்டு கையையும் பிடித்து, "ஓலா" என்றான். அவனுக்குத் தெரிந்த ஒரே சொல் அது. விடைபெறும்போது சொல்லுகிற சொல் அது இல்லை என்று அவள் திருத்தவில்லை.

வெளியே போகிறபோது, மேசையில் கிடந்த கடிதத்தையும் கையொப்ப வரிசையையும் அவள் கண்டாள். இது என்ன என்று கேட்டாள். சுலக்சன் தலையைச் சொறிந்துவிட்டு, வந்துபோகிறவர்கள் எழுதுகிற புத்தகம் என்றான். லூப்பே பேனையை எடுத்து, கடைசி வரியில் பெரிதாக 'கிராசியாஸ்', அதாவது அவர்களுடைய மொழியில் நன்றி, என்று எழுதி, கையொப்பமிட்டு, ஓட்டோவில் ஏறிப் போனாள்.

தவராசா ஐயா கண்ணாடியைத் துடைத்துப் போட்டு வாசித்தார்.

"கிராசியாஸ்... கிரகிச்சாச்சு! எடுத்தாச்சு எண்டு எழுதியிருக்கிறா, டீச்சர்! மெக்சிக்கோவே குற்றத்தை ஒத்துக்கொண்டிட்டுது!"

போன கிழமை அமெரிக்காக்காரியாக இருந்தவர் இன்று முழு மெக்சிக்கோவின் சார்பிலும் ஒப்புதல் அளித்ததில் சபைக்கு எந்தச் சங்கடமும் இருக்கவில்லை. கடிதம் பதிவுத் தபாலில் போனது. கையொப்பமிட்டவர் அதை வாசிக்கவில்லை. வாசித்தவருக்குக் கையொப்பம் விளங்கவில்லை. ஆவணமோ சகல வழிகளிலும் செல்லுபடியானது. தவராசா ஐயாவின் முப்பத்தொரு வருட அரச சேவையில் அவருடைய மேசையைத் தாண்டிப்போன ஒவ்வொரு காகிதமும் இதே ஒழுங்கோடுதான் போனது. இந்த மாவட்டத்தில் உயிரோடு நடமாடுகிற சிலர் பதிவேட்டில் இன்னும் செத்துப்போய்க் கிடப்பதும் அதனால்தான்.